வாடகைக் குதிரையும் வக்கீல் நோட்டீஸும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஒரு லாயமே இருக்கிறது. 150ஆம் பிரிவில் ஒருவன் முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இரவல் கொடுக்கிறான். குதிரை தறிகெட்டு ஓடுகிறது, ஏறியவன் விழுந்து அடிபடுகிறான், கொடுத்தவன் நஷ்டஈடு தர வேண்டியதாகிறது. 153ஆம் பிரிவில் சவாரிக்கென்று வாடகைக்கு வாங்கிய குதிரையை ஒருவன் வண்டியில் பூட்டுகிறான். உடைமையாளர் விரும்பினால் ஏற்பாட்டை அத்தோடு முறித்துக்கொள்ளலாம். 154இல் கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போவதாகப் பேசி எடுத்த குதிரையைக் கட்டாக்குக்கு ஓட்டிக்கொண்டு போகிறான் இன்னொருவன். பத்திரமாகத்தான் ஓட்டினான். ஆனாலும் குதிரை தற்செயலாக இடறி விழுந்து காயம்பட்டால் நஷ்டம் அவன் தலையில்தான்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த உதாரணங்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். இன்றைக்கு யார் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. புதுச்சேரி முதலியார்பேட்டையில் தொழில் செய்யும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் அப்படிச் சிரிக்க முடியாது. அவருடைய சட்டப் புத்தகத்தில் ஓரம் கிழிந்து, மஞ்சள் படிந்து, பென்சில் கோடுகள் நிறைந்திருப்பவை இந்தப் பக்கங்கள்தான். காசோலை வழக்கு, வாடகை வழக்கு, ஜீவனாம்சம் என்று எல்லா வழக்கறிஞர்களும் நடத்துவதைத்தான் அவரும் நடத்துகிறார். ஆனால் வண்டிக்காரர்களும் லாயம் வைத்திருப்பவர்களும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'குதிரை வக்கீலம்மா'.

அலுவலகம் கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். 2020 ஏப்ரல் 30இல் கதவடைத்த ஏ.எஃப்.டி. பஞ்சாலையும் அதே சாலையில்தான், நீதிமன்ற வளாகமும் அதே சாலையில்தான். ஆலை ஓடிய நாளில் தொழிலாளர் வழக்குகளாக வந்துகொண்டிருந்த அந்தத் தெருவுக்குக் குதிரை வழக்கு வந்தது ஒரு கல்யாணத்தால். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி பேசியிருந்தார்கள். வந்த குதிரை பாதி வழியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். மறுநாள் பெண் வீட்டுக்காரர் ஒருவர், வண்டிக்காரரின் படத்தையும் போன் நம்பரையும் போட்டு, 'இவன் திருடன்' என்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் அனுப்பிவிட்டார். இவரிடம் வந்தது வாடகைப் பணத்தைத் திருப்பிக் கேட்ட வீட்டார் இல்லை; பேர் கெட்டுப்போன வண்டிக்காரர்.

இந்தத் தொழிலின் வினோதமே அதுதான் என்கிறார் அவர். குதிரைத் தகராறு என்று ஆரம்பிப்பது குதிரையில் முடிவதில்லை. கால் வலியோ வயிற்று வலியோ, பணமோ தவணையோ, அது எப்படியும் பேசித் தீரக்கூடியது. அதைப் பற்றி வெளியில் எழுதிய நாலு வரிதான் வழக்காகி வருஷக்கணக்கில் நிற்கும்.

குதிரையை வாடகைக்கும் குத்தகைக்கும் விடும் வழக்கம் வெளியில் தெரிவதைவிடப் பெரியது. ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் ஒரு நாள் வாடகை. சவாரிப் பள்ளிகளில் மாதக் கணக்கு: குதிரையை முழுதாக எடுத்துக்கொண்டு தீவனம், லாடம், மருத்துவம் எல்லாம் எடுத்தவரே பார்த்தால் 'ஃபுல் லீஸ்', வாரத்தில் பாதி நாள் சவாரி, பாதிச் செலவு என்றால் 'ஹாஃப் லீஸ்'. ஆரோவில் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இந்தப் பேச்சு சகஜம். பந்தயக் குதிரைக்குக் குத்தகை என்றால் அது தனி உலகம். அங்கே பத்திரத்தை டர்ஃப் கிளப்பில் பதிய வேண்டும், பரிசுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கும். மற்ற இடங்களில் பெரும்பாலும் வாய்ப்பேச்சு, ஒரு ஜிபே ரசீது, அவ்வளவுதான்.

எடுத்தவர் நினைப்பதைவிடக் குதிரை நுட்பமான பிராணி. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை தீவனம் வேண்டும். 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் தீவனம் மாறினாலோ தண்ணீர் குறைந்தாலோ வரும் வயிற்று வலி, மாட்டுக்காரர்கள் பார்த்துப் பழகியதுபோல் இராமல், ஒரே இரவில் உயிரைக் கொண்டுபோய்விடும். நேற்று வரை நன்றாக நடந்தது இன்று நொண்டுவதற்குக் காரணம் பல. லாட ஆணி சதையில் இறங்கியிருக்கலாம், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், தார்ச் சாலையில் பாய்ந்து ஓடவிட்டிருக்கலாம், பழைய காயம் திரும்பியிருக்கலாம். குத்தகைக்கு எடுத்தவர் மட்டும் ஒரே ஒரு காரணத்தைத்தான் நம்புவார். "ஊசி போட்டுத் தலையில கட்டிட்டாங்க வக்கீலம்மா."

ஊசி என்பது வெறும் கற்பனையும் இல்லை. ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்துகள் நொண்டலை ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் மறைத்துவிடும். பந்தயக் கிளப்புகள் ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதிப்பது இதற்காகவும்தான். ஆனால் நிரூபிக்க வேண்டுமென்றால் குதிரை வந்த கையோடு ரத்த மாதிரி எடுத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து நொண்டும்போது அந்த மருந்து உடம்பில் இருக்காது, எழுதியவரின் சொல் மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு இளைஞர் எழுதியதை அவர் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார், பெயரை அடித்துவிட்டு. சாரம் இதுதான்: லாயக்காரன் பெரிய ஃபிராடு, நொண்டிக் குதிரைக்கு ஊசி போட்டு ஏமாற்றினான், எவனும் அவன் பக்கம் போகாதீர்கள். நல்ல வேளையாக வெளியிடும் முன் அதை வக்கீலிடம் காட்ட வந்திருந்தார் அந்த இளைஞர்.

"எல்லாமே உண்மைதானே மேடம்? உண்மையைச் சொன்னா என்ன தப்பு?"

"எது உண்மைங்கறீங்க? குதிரை நொண்டுனது நீங்க பார்த்தது. ஊசி போட்டது நீங்க பார்த்ததா?"

"பார்க்கல. ஆனா..."

"அந்த 'ஆனா'வுக்குத்தான் தம்பி கேஸ் போடுவாங்க."

சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். 'ஃபிராடு' போயிற்று. 'ஊசி' போயிற்று. 'ஏமாற்றினான்' என்பதில் வினையும் போயிற்று, ஒருமையும் போயிற்று. மிஞ்சியது ஒரு தேதி, ஒரு கால், ஒரு சான்றிதழ், ஒரு தொகை. இன்ன தேதியில் மூன்று மாதக் குத்தகைக்கு ஒரு குதிரை எடுத்தேன். எட்டாம் நாள் முன் இடது கால் நொண்டியது. கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தது இது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. குதிரை எடுப்பவர்கள் எடுக்கும் முன்பே ஒரு மருத்துவரை வைத்துக் காலைப் பாருங்கள். இளைஞருக்கு முகம் தொங்கிவிட்டது. காரம் போய்விட்டதாம். ஆனால் முதலில் எழுதியதைவிட இது லாயக்காரரை அதிகம் சங்கடப்படுத்தும் என்று அவர் சொன்னார். திட்டினால் பதிலுக்குத் திட்டிவிடலாம். தேதிக்குப் பதில் தேதியாகத்தான் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால் போதும் என்பது இந்தியாவில் பாதிக்குப் பாதிதான் சரி. சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வந்தால், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் முடிந்தது. கிரிமினல் அவதூறில் உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாகியிருக்கின்றன. தண்டனை அதேதான்: இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், சமூக சேவை என்பது மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நஷ்டஈட்டு வழக்குப் போட ஓராண்டு அவகாசம், கிரிமினல் புகாருக்கு மூன்றாண்டு. இரண்டு வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் என்பதைக் கட்சிக்காரர்கள் எளிதில் நம்புவதில்லை.

"பேரு போடலியே" என்பது அடுத்த சமாதானம். புதுச்சேரி போன்ற ஊரில் இது எடுபடாது. 'கடற்கரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குதிரை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர்' என்று எழுதினால், படிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது யாரென்று தெரியும். சட்டத்துக்கு அந்த ஒன்பது பேர் போதும். கிண்டலாகச் சொன்னேன் என்பதும் நிற்காது. 1860இல் எழுதிய அவதூறுப் பிரிவிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது: கடிகாரம் திருட்டுப்போன கதையில் ஒருவன், "அவர் யோக்கியராச்சே, அவர் எடுத்திருக்கவே மாட்டார்" என்று, அவர்தான் திருடினார் என்ற எண்ணம் தோன்றும்படி சொல்கிறான். இன்னொருவன் யார் எடுத்தது என்று கேட்டதும் வாய் பேசாமல் விரலை நீட்டுகிறான். மூன்றாமவன் அவர் கடிகாரத்தோடு ஓடுவதுபோல் படம் வரைகிறான். மூன்றும் அவதூறு. மீம் போடும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது உதாரணத்தைக் காட்டும்போது மட்டும் அறை கொஞ்சம் அமைதியாகும் என்கிறார்.

இந்த ஊருக்கு இதில் ஒரு சரித்திரமும் உண்டு. 2012 அக்டோபர் 30ஆம் தேதி விடியற்காலையில் புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவரைப் போலீசார் வீட்டிலிருந்து கைது செய்தார்கள். அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி அவர் ட்விட்டரில் போட்ட ஒரு வரிக்காக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில். அந்த வரி வெளியானபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். அன்றே ஜாமீன் கிடைத்தது. ஆனால் நாடு முழுக்க அந்தப் பதினாறு பேச்சாயிற்று. அடுத்த மாதமே மும்பை அருகே பால்கரில் இரண்டு இளம்பெண்கள் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதாக, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2015 மார்ச் 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பைப் பாதி கேட்டவர்கள்தான் இவருடைய கட்சிக்காரர்களில் பாதிப்பேர். "66ஏ போயிடுச்சே, இனி என்ன வேணா எழுதலாம்ல?" போனது 66ஏ மட்டும். அதற்கும் நூற்றைம்பது வருஷம் மூத்த அவதூறுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. 2016 மே 13இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியும் செய்துவிட்டது.

தானாக எழுதாமல் வந்ததை அனுப்பியவர்கள் கதை வேறு. நடிகர் எஸ்.வி.சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். தான் எழுதியதில்லை, வந்ததை அனுப்பினேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்யச் சொன்ன மனுவை 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுப்பியவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அது அவதூறுப் பிரிவை மட்டும் வைத்து வந்த வழக்கில்லை. இருந்தாலும் 'ஃபார்வர்டு பண்ணினேன், அவ்வளவுதான்' என்று வருபவர்களிடம் வக்கீலம்மா முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். குழு அட்மின்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அட்மினாக இருந்தது தவிர வேறொன்றும் செய்யாதவர் என்றால் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று சொன்னது.

சொல்லவே கூடாதா என்றால் அப்படி இல்லை. யாரிடம் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவதூறுச் சட்டத்தில் பத்து விலக்குகள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவற்றில் எட்டாவது. தன் நலனையோ பிறர் நலனையோ காக்கச் சொல்வது ஒன்பதாவது. கேட்பவரின் நன்மைக்காக எச்சரிப்பது பத்தாவது. நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தம் என்று மட்டும் பொருளில்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் விசாரித்துவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

எட்டாவது விலக்கின் அருமை அவருக்கு உறைத்தது ஒரு தீவனக் கடையில் கிளம்பிய வதந்தியால். குத்தகை முறிந்து குதிரையைத் திருப்பி அனுப்பியவர், அந்த லாயத்தில் 'கிளாண்டர்ஸ்' இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மூக்கில் சளி ஒழுகியதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கிளாண்டர்ஸ் சாதாரணச் சளியில்லை. பாக்டீரியாவால் வருவது, மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பதைத் தவிர வழி கிடையாது. 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி சந்தேகம் வந்தாலே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் லாயக்காரருக்கு அந்த முகூர்த்த மாதம் முழுக்கக் கல்யாண ஆர்டர் ரத்தாயிற்று. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தபோது ஆவணி முடிந்திருந்தது. அதே சந்தேகத்தை அதே மனிதர் கால்நடை மருத்துவமனையில் போய்ச் சொல்லியிருந்தால் சட்டம் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும், பாராட்டவும் செய்திருக்கும்.

குதிரை வியாபாரத்தில் ஒரு சொல் விலையை எப்படி இறக்கும் என்பது சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடியில் நடக்கும் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இவரும் போயிருக்கிறார், ஒரு கட்சிக்காரர் குதிரை வாங்கும்போது கூடமாட இருக்க. அங்கே பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள், அதற்கெல்லாம் முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். நெற்றியிலும் கழுத்திலும் விலாவிலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்லும் வழக்கம். 'சுழி சுத்தமில்லை' என்று ஒரு பெரியவர் முணுமுணுத்துவிட்டுப் போனால் போதும், குதிரை அன்றைக்கு விற்காது. அதனால் அனுபவப்பட்ட தரகர்கள் உரக்கப் பேசுவதே இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடிக்கிறார்கள், குறையைக் காதோடு சொல்கிறார்கள். சந்தை மனிதருக்குத் தெரிந்திருக்கும் இந்த அடக்கம் கையில் போன் வந்ததும் எங்கே போகிறது என்று அவர் யோசித்ததுண்டு.

போன் இன்னொரு வேலையும் செய்யும். அது எடுத்தவருக்கே எதிர்சாட்சியாக நிற்கும். மகளின் சவாரிப் பயிற்சிக்கென்று ஒருவர் குதிரையைக் குத்தகைக்கு எடுத்தார். மகள் மட்டுமே ஏறலாம் என்று ஒப்பந்தம். மூன்றாம் வாரத்தில் குதிரை நொண்டியது. சட்டம் அவர் பக்கம் பலமாகவே இருந்தது: 150ஆம் பிரிவுப்படி வாடகைக்கு விட்ட பொருளில் குறை இருந்தால், அது தனக்குத் தெரியாது என்று உடைமையாளர் சொல்லித் தப்ப முடியாது. அவரோ நோட்டீஸ் அனுப்பும் முன்பே லாயத்தைத் திட்டி நீளமாக எழுதி, 'வந்தபோது எப்படி இருந்தது பாருங்கள்' என்று படங்களையும் சேர்த்திருந்தார். ஒரு படத்தில் குதிரை மேல் இருந்தது மகள் அல்ல, பெரியப்பா பையன். இன்னொன்றில் கடற்கரை மணலில் வேறு யாரோ. 154ஆம் பிரிவின் முதல் உதாரணமே இதுதான்: தான் மட்டும் ஏற வாங்கிய குதிரையில் குடும்பத்தார் ஒருவரை ஏற்றினால், அவர் எவ்வளவு கவனமாக ஓட்டியிருந்தாலும் காயத்துக்கு வாங்கியவரே பொறுப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படங்களை உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தார். கேட்ட முன்பணத்தில் பாதியை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போக வேண்டியதாயிற்று.

உரிய சான்றிதழ் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டால் சாட்சியம் ஆகிவிடாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. எந்தக் கருவியில் இருந்து எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்ற விவரங்களோடு சான்றிதழ் வேண்டும். புதிய படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும், நிபுணர் ஒருவர் நிரப்பும் பகுதியும் இருக்கிறது. அதனால் அவர் முதலில் சொல்வது இதுதான்: போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதையும்கூட.

ஆவணம் பொதுவெளியில் இருக்கும் தகராறை எவ்வளவு தாராளமாகப் பேசலாம் என்பதற்கும் குதிரை உலகிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகையை உயர்த்தியது பற்றிய நீண்ட வழக்கில் 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. அதற்குப் பிறகும் வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. சீல் வைத்த வாரம் கட்சிக்காரர் ஒருவர் 'கொள்ளைக்காரர்கள்' என்று ஆரம்பித்து ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டு வந்தார். வக்கீலம்மா அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, தீர்ப்பில் இருக்கும் எண்களை அந்த இடத்தில் வைத்தார். 1994இல் நக்கீரன் இதழ் தொடர்ந்த ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வழியைத்தான் காட்டுகிறது: நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டி ஒருவரின் தனி வாழ்க்கைக்குள் போனால்தான் பாடு.

இதே அளவுகோலை அவர் 2021இல் ஒரு படப்பிடிப்புச் செய்திக்கும் பயன்படுத்தினார். ஐதராபாத் அருகே நடந்த தமிழ்ப் படப்பிடிப்பில் வாடகைக்கு எடுத்த குதிரை இறந்து, விலங்கு நல அமைப்பின் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. 'வழக்குப் பதிவாகியிருக்கிறது' என்று எழுதலாம். 'கொன்றுவிட்டார்கள்' என்று எழுதினால் எழுதியவரே நீதிபதியாகிவிடுகிறார். தெரிந்த குதிரைக்காரர்கள் இரண்டாவதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தொழிலைக் கற்றுக்கொடுத்த சீனியரைப் பற்றிப் பேசாமல் அவருடைய பேச்சு முடியாது. பிரெஞ்சு சட்டமும் படித்தவர் அந்தப் பெரியவர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இந்தியச் சட்டங்கள் 1963லும் 1968லுமாக இங்கே நீட்டிக்கப்பட்டன. அதற்கு முன் இங்கே செல்லுபடியான பிரெஞ்சு சிவில் சட்டத்தில் கால்நடைக் குத்தகைக்கென்றே ஒரு முழு அத்தியாயம், பிரிவு எண் 1800 முதல் 1831 வரை. மந்தையை ஒருவர் கொடுக்க இன்னொருவர் மேய்த்து வளர்த்தால், பெருக்கத்திலும் பாதி, இழப்பிலும் பாதி. நம் ஊரில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவதுபோலத்தான். வளர்ப்பவர் தவறில்லாமல் மந்தை முழுதும் அழிந்தால் நஷ்டம் கொடுத்தவருடையது; வளர்த்தவரே முழு நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. "ஏழை கையெழுத்துப் போட்டுட்டான்னு அவன் கழுத்தை நெரிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே எழுதி வெச்சிருக்கான் பாரும்மா" என்பாராம் சீனியர். இந்தியச் சட்டத்தின் 151, 152 பிரிவுகளிலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பதுபோல் கவனித்தவர்மேல் பழி இல்லை. வயிற்று வலியில் குதிரை இறந்துபோய், 'பட்டினி போட்டுக் கொன்றான்' என்று உடைமையாளர் ஊரெல்லாம் சொன்ன ஒரு வழக்கில், எடுத்தவர் வைத்திருந்த தீவன ரசீதும் நள்ளிரவில் மருத்துவருக்குப் போன அழைப்புப் பட்டியலும் அந்தப் பேச்சை அடக்கின.

இத்தனைக்கும் பிறகு அவர் தகராறுக்காகக் காத்திராமல் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்தார். இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தப் படிவம், தமிழில். குதிரையின் நிறம், சுழி, லாடம், நாலு காலும் தனித்தனியாகப் படம். ஒப்படைக்கும் அன்றே மருத்துவர் சான்றிதழ், இரு தரப்பும் சம்மதித்தால் ரத்த மாதிரியும். யார் ஏறலாம், எந்தத் தரையில், எவ்வளவு நேரம். தீவனம் யார், லாடம் யார், இரவில் மருத்துவரைக் கூப்பிட்டால் காசு யார். கடைசிப் பத்தியில் ஒரு ஷரத்து: பிரச்சினை வந்தால் ஏழு நாளைக்கு இரண்டு பேரும் அதைப் பற்றி வெளியில் எழுதவோ பேசவோ கூடாது, அதற்குள் பொதுவான மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: கால்நடைத் துறைக்கோ போலீசுக்கோ நீதிமன்றத்துக்கோ போவதை இது தடுக்காது. நீதிமன்றம் போகும் உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் 28ஆம் பிரிவுப்படி செல்லாது என்பதால் மட்டும் எழுதியதில்லை அது. குதிரையை யாராவது அடித்துத் துன்புறுத்தினால் அந்த ஏழு நாள் அதற்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாதே என்றும்தான்.

படிவம் இப்போது அவருக்குத் தெரியாமலே ஜெராக்ஸ் எடுத்துக் கைமாறுகிறது. ஏழு நாள் என்பதைச் சிலர் மூன்று என்று திருத்திக்கொள்கிறார்கள்; எக்ஸ்ரே வர மூன்று நாள் போதும் என்று அவரும் விட்டுவிட்டார். மருத்துவர் சான்றிதழுக்கு ஆகும் செலவைக் கண்டு அந்த வரியையே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பிறகு அவர்களே படி ஏறி வருகிறார்கள். போன தை மாதத்தில் சாரட்டுத் தரகர் ஒருவர் வந்து இன்னொரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார்: மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைக்குப் பக்கத்தில் சரவெடி கொளுத்தினால் வாடகை இரண்டு மடங்கு. "இரண்டு மடங்கு வாங்கிக்கிட்டா வெடிக்கச் சம்மதம்னு ஆயிடும்ணே, குதிரை மிரண்டு யாரையாவது உதைச்சா பொறுப்பு உங்களுக்கே வரும்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். தரகர் யோசித்துவிட்டு, வெடியே கூடாது என்று எழுதினால் பெண் வீட்டார் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்களே என்றார். அந்த வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.